முடிஞ்சிருச்சு சார்!

தமிழிலேயே மிக ஆபத்தான வாக்கியம் எது?

கல்யாணமானவர்களைக் கேட்டால், 'ஒரு விஷயம் சொல்லுவேன், கோபப்படக் கூடாது' என்பார்கள். ஆபீஸ் நண்பர்களைக் கேட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேனேஜர் சொல்லும் 'கிளம்பியாச்சா? ஒரு சின்ன வேலை' என்பார்கள். பிரம்மச்சாரிகளைக் கேட்டால், கண்ணில் நீர் ததும்ப, 'உங்களை என் கூடப் பிறந்த அண்ணன் மாதிரி நினைக்கிறேன்' என்பதைச் சொல்வார்கள்.

மூன்றுமே ஆபத்துதான். ஆனால் உயிர் போகாது. உயிர் போகக்கூடிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. கையில் டெஸ்டரோ, ஸ்பேனரோ, பிரஷ்ஷோ வைத்திருக்கும் ஒருவர், நெற்றி வியர்வையை ஆள்காட்டி விரலால் வழித்து உங்கள் வீட்டுத் தரையிலேயே சுண்டிவிட்டு, சிரித்த முகத்தோடு சொல்வார்:

"முடிஞ்சிருச்சு சார்!"

உடனே நீங்களும் பர்ஸை எடுப்பீர்கள். எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரக் கதை.

* * *

சென்ற தை மாதம் வீடு மாறினோம். நங்கநல்லூரில் ஒரு பழைய தனி வீட்டின் கீழ் போர்ஷன். வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். "உங்க வசதிக்கு என்ன வேணுமோ செஞ்சுக்குங்க சார், நான் குறுக்கே நிக்க மாட்டேன்" என்றார். பைசா தர மாட்டேன் என்பதை இவ்வளவு அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், என் மனைவி, மாமியார், அப்புறம் ஒன்றேகால் வயசு மகள். இந்தக் கட்டுரைக்கு அவள் பெயர் வாண்டு. அப்போதுதான் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வயசுக் குழந்தைக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருட்கள். வாயில் போடக்கூடியவை, வாயில் போடக்கூடாதவை. எது எந்த வகை என்பதை வாயில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், கார்பென்டர், பெயின்டர் என்று நாலு பேரை வரவழைத்தேன். 'வரவழைத்தேன்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், அது ஒரு வார்த்தை இல்லை, ஒரு மாமாங்கம். "வந்துகிட்டே இருக்கேன் சார், கத்திப்பாரா தாண்டிட்டேன்" என்று போனில் சொன்ன எலெக்ட்ரீஷியன், கத்திப்பாராவிலிருந்து நங்கநல்லூர் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. தை மாதமாச்சே, நடுவில் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்தாரோ என்னவோ.

ஆனால் வந்த பிறகு நாலு பேரும் நன்றாகத்தான் வேலை செய்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். குழாய் சொட்டவில்லை. ஃபேன் கிறீச்சிடவில்லை. டி.வி. வைக்க கார்பென்டர் செய்து கொடுத்த ஸ்டாண்ட், இன்டீரியர் டிசைன் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது. சுவரெல்லாம் இளநீல நிறம். ஒவ்வொருத்தரும் 'முடிஞ்சிருச்சு சார்' சொன்னார்கள். நானும் ஹால் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பினேன்.

என் உயரம் ஐந்தடி எட்டங்குலம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வீடு பிரமாதம். அந்த வீட்டில் இரண்டரை அடி உயரத்தில் இன்னொருத்தி குடியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

* * *

கடைசியாகக் கிளம்பியவர் பெயின்டர் மேஸ்திரி. நாங்கள் குடிவந்த பிறகும் வராந்தா கிரில்லுக்கு எனாமல் அடிக்கிற வேலை பாக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை வந்து முடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு விருந்தாளி. "ஆறு மணிக்குள்ள கிளம்பிடுங்க மேஸ்திரி" என்று நாலு தடவை சொன்னேன். ஐந்தே முக்காலுக்கு அந்த வாக்கியத்தைச் சொன்னார். பணம் கொடுத்தேன். போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் சோபாவில் படுத்துக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்று மனைவி அடுப்படியிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டியிருந்தாள். 'பாத்துக்கிட்டுதான் இருக்கேன்' என்று நானும் இரண்டு தடவை பொய் சொல்லியிருந்தேன்.

வராந்தாவிலிருந்து இருமல் சத்தம். சாதாரண இருமல் இல்லை. அப்புறம் மாமியாரின் அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே மூலையில் வாண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஆரஞ்சு கூல்டிரிங்க் பாட்டில். மூடி அந்தப் பக்கம் உருண்டு கிடக்கிறது. சட்டை முன்பக்கம் நனைந்திருக்கிறது. மூக்கைத் துளைக்கிற வாசனை. பிரஷ் கழுவிய தின்னர்!

அடுத்த ஒரு நிமிஷம் அந்த வீட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குழந்தை இருமுகிறாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு அழுகிறாள். நான் செருப்பைத் தேடுகிறேன். ஒரு கால் செருப்புதான் கிடைக்கிறது. மாமியார் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்து, "குடிக்க வையுங்கோ மாப்பிள்ளை, வாந்தி எடுத்தா எல்லாம் வெளில வந்துடும்" என்கிறார்.

அப்போது மாடி போர்ஷன் அம்மாள் படியிலிருந்தே கத்தினார். "ஒண்ணும் குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வைக்காதீங்க!" அவர் ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ். அந்த நிமிஷம் வரைக்கும் அவர் எங்களுக்கு, மோட்டார் போடுகிற விஷயத்தில் தகராறு செய்கிற மாடி வீட்டு அம்மாள் மட்டும்தான். மளமளவென்று இறங்கி வந்து, குழந்தையின் சட்டையைக் கழற்றிப் போட்டு, உடம்பைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, "ஆட்டோவைக் கூப்பிடுங்க சார், நிக்காதீங்க. அந்த பாட்டிலையும் எடுத்துக்குங்க, டாக்டர் கேப்பாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கை கால் வந்தது.

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தது ஓர் இளம் லேடி டாக்டர். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன பாட்டில்ல இருந்தது? கூல்டிரிங்க் பாட்டில்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி டாக்டர் தெரியும்?"

"வேற எதுல வைப்பாங்க?" என்றார் சலிப்போடு.

அப்புறம் விளக்கினார். தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நைசாக ஓடுகிற திரவம் என்பதால் துளியூண்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் பரவிவிடும். நுரையீரல் புண்ணாகிவிடும். வாந்தி எடுக்க வைத்தால், தொண்டை வழியாக ஒரு தடவை போனது இன்னொரு தடவை வரும். நுரையீரலில் இறங்க இரண்டாவது சான்ஸ் கொடுத்த மாதிரி. உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி, எதுவும் கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

"எவ்வளவு குடிச்சாங்கறது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆறு மணி நேரம் வச்சிருந்து பார்க்கலாம். மூச்சு வாங்காம இருந்தா நல்லது" என்றார்.

ஆறு மணி நேரம். நண்பர்களே, ஆபீசில் ஆறு மணி நேரம் எப்படி ஓடுகிறதென்று உங்களுக்குத் தெரியும். இரண்டு டீ, ஒரு சாப்பாடு, ஒரு மீட்டிங், போச்சு. அந்த ஆறு மணி நேரம் நான் ஒரே ஒரு பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன நெஞ்சுக்கூடு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி... ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும், மறுபடி ஏற வேண்டுமே என்று இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. ஒரு வாய் எடுத்ததுமே நாக்கு எரிந்து துப்பியிருக்கிறாள் போல. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும் வழியில் ஆட்டோவில் வாண்டு சிரித்தாள். நான் அழுதேன். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பேசின காசுக்கு மேல் பத்து ரூபாய் கேட்கிற பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டார்.

* * *

மறுநாள் லீவு போட்டேன். எதற்கு? பெயின்டரை உண்டு இல்லை என்று ஆக்க.

போன் செய்தால், விஷயத்தைக் கேட்டதும் மனிதர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கத்திப்பாராவெல்லாம் இல்லை, இருபதே நிமிஷம். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "பாப்பா எப்படி சார் இருக்கு?" என்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

நான் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்த வசனத்தை ஆரம்பித்தேன். "அறிவிருக்கா மேஸ்திரி? குழந்தை இருக்கிற வீட்டுல கூல்டிரிங்க் பாட்டில்ல தின்னரை ஊத்தி வச்சுட்டுப் போவாங்களா?"

"தப்புதான் சார். எம் பொண்ணுக்கும் ரெண்டு வயசு. நெனச்சாலே உடம்பு நடுங்குது. கெளம்பற அவசரத்துல மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னா? அதுவும் கூல்டிரிங்க் பாட்டில்ல! அந்த பாட்டிலே உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானே சார் குடுத்தீங்க?"

வாழ்க்கையில் சில கேள்விகளைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம். "தின்னர் ஊத்திக்க ஏதாச்சும் காலி டப்பா இருக்கா சார்?" என்று கேட்டார். நான் அப்போதுதான் குடித்து முடித்த ஆரஞ்சு பாட்டிலை, சோபாவிலிருந்து எழுந்திருக்காமலேயே நீட்டினேன். அதை நான் குடித்ததை எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் வாண்டு. 'எனக்கும் தா' என்று கைகூட நீட்டினாள். மறுநாள் அதே பாட்டிலை மூலையில் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்? அப்பா குடித்த ஜூஸ்!

'ஆறு மணிக்குள்ள கிளம்புங்க' என்று நாலு தடவை விரட்டியதும் நான்தான். சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுத்ததும் நான்தான்.

வசனம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "டீ சாப்பிடறீங்களா மேஸ்திரி?" என்றேன். அவர் தவறு தவறுதான். அதை அவரே ஒப்புக்கொண்டார். என் தவறை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு டீ தேவைப்பட்டது.

* * *

அவர் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். கதவைச் சாத்திவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடு முழுக்கத் தவழ்ந்தேன்.

சிரிக்காதீர்கள். மாமியார் பார்த்துவிட்டு, அதிர்ச்சியில் மாப்பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பூஜை அறைக்குப் போய் விபூதி எடுத்து வந்தார். ஆனால் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் பார்த்தபோதுதான், நாலு பேர் 'முடித்துவிட்டு'ப் போன வீடு எனக்குத் தெரிந்தது.

ஹாலில், சோபாவுக்குப் பின்னால், செல்போன் சார்ஜ் செய்யப் போட்ட புது பிளக் பாயின்ட். தரையிலிருந்து ஓர் அடி. நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. பிளேட் கதவு மாதிரி திறந்தது. உள்ளே ஒயர். 'ஸ்குரூ குறையுது சார், நாளைக்கு வந்து போட்டுடறேன்' என்று எலெக்ட்ரீஷியன் சொன்னது நினைவு வந்தது. அவருடைய காலண்டரில் 'நாளைக்கு' என்றைக்கும் நாளைக்குத்தான். பக்கத்திலேயே தரையில் ஊசி மாதிரி செம்புக் கம்பித் துண்டுகள், ஏழெட்டு.

டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயரை இழுத்தேன். மொத்த ஸ்டாண்டும் என்னைப் பார்த்துத் தலை வணங்கியது. சுவரோடு சேர்த்து எதுவும் முடுக்கவில்லை. குழந்தைகளுக்கு டிராயர் என்பது படிக்கட்டு. முதல் படியில் ஏறினால் டி.வி.யும் ஸ்டாண்டும் தலைமேல். ஐம்பது ரூபாய்க்குள் வாங்கக்கூடிய இரண்டு எல்-கிளாம்ப் போட்டிருந்தால் போதும்.

கொல்லைப்பக்கம் சம்ப். மூடி இருந்தது. ஆனால் நாலு விரல் தள்ளி இருந்தது. பிளம்பர் உள்ளே இறங்கி ஃபுட் வால்வ் மாற்றிவிட்டு ஏறியவர், மூடியைக் காலால் தள்ளியிருக்கிறார். அது பாதி தூரம் போய் நின்றிருக்கிறது. பாத்ரூமில் அவர் வைத்துவிட்டுப் போன பக்கெட்டில் அரை பக்கெட் தண்ணீர். சம்ப்பாவது ஆழம், பயப்படுவோம். பக்கெட்டுக்கு யார் பயப்படுகிறார்கள்? அந்த வயசில் உடம்புக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. கத்தவும் முடியாது. முகம் முழுகுகிற அளவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும்.

ஜன்னல் ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூள். வீட்டுக்கு அடிக்கிற பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். எங்கள் வீடு அதற்கு ரொம்ப காலம் முந்தியது. அந்தச் சுவரில் ஈயம் இருந்ததா இல்லையா என்பது சுவருக்குத்தான் வெளிச்சம். ஈயம் குழந்தை உடம்பில் சேர்ந்தால் முதலில் பதம் பார்ப்பது மூளையை. தூள் கையில், கை வாயில். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போக ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். துடைப்பத்தால் பெருக்கவும் கூடாதாம். பறந்து போய் இன்னொரு இடத்தில் உட்காருமாம்.

அடுத்தது வராந்தா கிரில். படுக்கைக் கம்பிகள் வரிசையாக, அழகாக, புது எனாமல் பளபளக்க. இத்தனை நாள் அது எனக்கு கிரில். தவழ்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தால், அது ஏணி! கம்பிகள் செங்குத்தாக இருந்தால் ஏற முடியாது. இடைவெளி நாலு அங்குலத்துக்குள் இருந்தால் தலையும் மாட்டாது. வெல்டரைச் சொல்லிக் குற்றமில்லை. டிசைன் புத்தகத்தில் 'இதுதான் நல்லாருக்கு' என்று விரல் வைத்தவர் வீட்டுக்காரராக இருக்கும்.

* * *

வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வயசானவர். வந்ததும் எதையும் கழற்றவில்லை. புதிதாகப் போட்ட சுவர் விளக்கின் சுவிட்சை ஆஃப் செய்தார். பல்பைக் கழற்றினார். டெஸ்டரை ஹோல்டரில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

"ஆஃப் பண்ணியிருக்கே, எப்படி எரியுது பெரியவரே?"

"சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருக்கான் தம்பி. ஃபேஸ்ல போடணும். இப்ப பல்பு அணையும், ஆனா ஹோல்டர்ல கரன்ட் உக்காந்திருக்கும். ஆஃப் பண்ணிட்டோம்னு நம்பி கை வச்சா, அவ்வளவுதான்."

பிளக் பாயின்ட்டைத் திறந்தார். பச்சை ஒயரை வெட்டி, சுருட்டி, உள்ளேயே செருகியிருந்தது. எர்த்! "மொபைல் சார்ஜர்தானே, இது எதுக்குன்னு விட்டிருக்கான். நாளைக்கே நீங்க இதுல இஸ்திரிப் பெட்டி சொருகுவீங்க."

நான் கொஞ்சம் படித்தவன் என்பதைக் காட்டிக்கொள்ள, "எம்.சி.பி.தான் இருக்கே" என்றேன்.

அவர் சிரித்தார். "அது ஒயருக்குக் காவல் தம்பி. ஆளுக்குக் காவல் இல்ல."

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்குப் போடுகிற 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கு மேல் கரன்ட் போனால்தான் விழும். ஆனால் மனிதனைச் சாய்க்க அவ்வளவெல்லாம் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியர் உடம்பு வழியாகப் பாய்ந்தாலே ஆபத்து. அதாவது எம்.சி.பி.க்குக் கணக்கில் தெரிகிற கரன்ட்டில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று எடுத்துக்கொள்கிற அளவுதான் ஏறக்குறைய! நாம் துடித்துக்கொண்டிருந்தாலும் எம்.சி.பி. கண்டுகொள்ளாது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. கடையில் ஈ.எல்.சி.பி. என்றாலும் ஆர்.சி.சி.பி. என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் சமமாக இருக்கிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், கண் மூடித் திறப்பதற்குள் மொத்தத்தையும் நிறுத்திவிடும். வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும், நாமும்.

பெரியவர் மாட்டிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் 'முடிஞ்சிருச்சு' என்று சொல்லவில்லை. துடைப்பம் கேட்டார். கம்பித் துண்டுகளைக் கூட்டி, காகிதத்தில் மடித்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "போட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

* * *

வேலையை முடிக்காமல் 'முடிஞ்சிருச்சு' என்று சொல்வதன் விலை சில சமயம் நாடு முழுவதும் டி.வி.யில் ஓடும். 2019 அக்டோபரில், தீபாவளி சமயத்தில், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுக் குழந்தை ஒன்று, பயன்படாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாலு நாள் தமிழ்நாடே தூங்கவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

இதற்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010லேயே வரிசையாகச் சொல்லியிருக்கிறது. தோண்டும்போது சுற்றி வேலி, எச்சரிக்கை போர்டு. குழாயைச் சுற்றி சிமென்ட் மேடை. குழாய் வாய்க்கு இரும்புத் தகடு, போல்ட் போட்டு. வேண்டாமென்று விட்டால் அடியிலிருந்து தரை மட்டம் வரைக்கும் மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. துளை போட வருகிறவர் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு லாரியைக் கிளப்பிவிடுகிறார். நிலத்துக்காரர், 'அப்புறம் மூடிக்கலாம்' என்கிறார். குழந்தை விழுகிறது அந்த 'அப்புறத்தில்'தான்.

எங்கள் வீட்டு பிளேட்டுக்கு மூன்று ஸ்குரூ. அங்கே ஒரு மூடி. அளவுதான் வித்தியாசம்.

* * *

'எனக்குக் குழந்தையே இல்லை, கல்யாணமே ஆகவில்லை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டிலுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு எதற்கு இதெல்லாம்?' என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. லீவுக்கு ஊருக்குப் போவீர்கள். அங்கே அக்கா குழந்தையோ அண்ணன் குழந்தையோ தவழ்ந்துகொண்டிருக்கும். மாமா, சித்தப்பா என்ற முறையில் நீங்கள் வாங்கிப் போகிற பொம்மையைவிட, அரை மணி நேரம் நாலு காலில் தவழ்ந்து பார்த்துவிட்டு வருவது உசத்தியான பரிசு. பேன்ட் அழுக்காகும். பரவாயில்லை.

இன்னொன்று. வேலைக்காரர்களைத் திட்டி எழுதிவிட்டு நான் மட்டும் யோக்கியன் மாதிரி முடிக்கக் கூடாது. ஆபீசில் நானும் தினம் பத்து ஃபைலில் 'முடிந்தது' என்று எழுதி அடுத்த டேபிளுக்குத் தள்ளுகிறவன்தான். அதில் எத்தனை ஃபைலில் மூன்று ஸ்குரூ குறைகிறது என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் யாருடைய பென்ஷனோ, யாருடைய மெடிக்கல் பில்லோ இருக்கிறது என்பது ஐந்தடி எட்டங்குலத்திலிருந்து தெரிவதில்லை.

இப்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். யார் வேலை செய்தாலும், கடைசித் தவணைப் பணம் தவழ்ந்து பார்த்த பிறகுதான். அவசரப்படுத்துவது கிடையாது. ரசாயனம் ஊற்ற வீட்டிலிருந்து பாட்டில் கொடுப்பது அறவே கிடையாது. கொண்டு வந்த டப்பாவிலேயே கொண்டு போக வேண்டும்.

முதல் தடவை கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. பிளம்பர் வந்து ஒரு குழாயை மாற்றிவிட்டு, "முடிஞ்சிருச்சு சார்!" என்றார். நான் பர்ஸை எடுக்காமல் மண்டியிட்டுக் குனிந்தேன். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "ஐயோ, எதுக்கு சார் இதெல்லாம்? இருநூறு ரூபா கம்மியாவே குடுங்க, காலிலெல்லாம் விழாதீங்க!"

போன மாதம் பெயின்டர் மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன். கொல்லைக் கதவுக்கு எனாமல். வேறு ஆள் வைக்கலாம் என்று மனைவி சொன்னாள். நான்தான் அவரே வரட்டும் என்றேன். மூடி போட்ட தகர டப்பாவோடு வந்தார். டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். கிளம்பும்போது டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

நான் வழக்கம்போல வேஷ்டியை மடித்துக் கட்டினேன்.

"இருங்க சார்" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, தானே நாலு காலில் இறங்கி, கொல்லைக் கதவிலிருந்து ஹால் வரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே தவழ்ந்து வந்தார். வாண்டுவுக்கு ஏகக் குஷி. ஓடிப் போய் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு "ஆன, ஆன" என்று கத்த ஆரம்பித்தாள்.

அவளைச் சுமந்துகொண்டே சோபா வரைக்கும் வந்து, தலையை நிமிர்த்தி, மூச்சு வாங்கச் சொன்னார்:

"இப்பதான் சார் முடிஞ்சிருச்சு!"